மிரளும் இளங்குதிரையும் பயந்துபோன சவாரியாளரும்: இருவரும் தேறி வரும் வழி

மூன்று அல்லது நான்கு வயதுக் குதிரை. வாங்கியபோது சாதுவாக நின்றது. சில வாரம் கழித்து ஒருநாள் வேலியோரம் ஒரு பிளாஸ்டிக் பை படபடக்க, ஒரே துள்ளலில் உங்களைக் கீழே போட்டுவிட்டு லாயத்துக்கு ஓடிப்போனது. அன்று முதல் அங்கவடியில் கால் வைக்கும்போதே உங்களுக்கு வயிறு கலங்குகிறது; சேணத்தைப் பார்த்தாலே அதற்குக் கழுத்து விறைக்கிறது. ஆடி மாத அந்தியூர்ச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரி போன்ற நாட்டு இனக் குதிரையைப் பிடித்து வந்தவர்களும், பந்தயத்தை விட்டு வந்த தரோபிரெட் இனக் குதிரையை வாங்கியவர்களும் அதிகம் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

இதற்கு வழி இருக்கிறது. ஆனால் அது குதிரையின் பயத்தை அடக்கி ஒடுக்கும் வழி அல்ல. குதிரை பயப்படத் தொடங்கும் ஒரு கோடு உண்டு. எல்லா வேலையும் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கமே நடக்க வேண்டும். கோட்டை மெல்ல மெல்லத் தள்ளி வைப்பதற்குப் பெயர்தான் பயிற்சி. சவாரியாளருக்கும் இதே விதி. கீழே சொல்லியிருப்பதெல்லாம் இந்த ஒன்றைச் செய்துகாட்டும் முறைகளே.

தொடங்கும் முன் இரண்டு சொல்ல வேண்டும். சவாரி தெரியாதவரும் சவாரி அறியாத குதிரையும் தனியாகச் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியாது. வாரம் ஒருமுறையாவது வந்து பார்க்க, அனுபவமுள்ள ஒருவர் வேண்டும். இரண்டாவது, இன்றோடு ஏறுவதை நிறுத்துங்கள். தரையில் செய்யும் வேலை சரியாகும் வரை, அதாவது குறைந்தது சில வாரங்களுக்கு, சேணம் அறையிலேயே இருக்கட்டும்.

வலியா, பயமா?

மிரட்சி என்று நாம் நினைப்பது பல சமயம் வலி. வலியோடு இருக்கும் குதிரைக்கு எவ்வளவு நல்ல பயிற்சி கொடுத்தாலும் பலிக்காது. ஆகவே முதல் செலவு கால்நடை மருத்துவருக்கு.

வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை வயது தொடங்கி நாலரை வயது வரை பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைத்துக்கொண்டே இருக்கும். ஈறு புண்ணாக இருக்கும் வயது இது. கடைவாய்ப் பற்களுக்கு முன்னால் ஓநாய்ப் பல் என்று ஒரு சிறு பல் சில குதிரைகளுக்கு இருக்கும். கடிவாளம் அதில் இடித்தால் குதிரை தலையை வீசும், முன்கால் தூக்கும். அதைப் பிடிவாதம் என்று முடிவுகட்டி இன்னும் கடுமையான கடிவாளம் மாட்டுகிறவர்கள் உண்டு. அங்கிருந்துதான் பல குதிரைகள் கெடுகின்றன.

முதுகை நீங்களே சோதிக்கலாம். பிடரி மயிர் முடியும் இடத்தில் எழும் மேட்டிலிருந்து (தோள்மேடு என்று வைத்துக்கொள்வோம்) இடுப்பு வரை, முதுகெலும்புக்கு இருபுறமும் நான்கு விரல் தள்ளி, விரல் நுனிகளால் ஒரே சீராக அழுத்திக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் முதுகு சட்டென்று பள்ளமாகத் தாழ்ந்தாலோ, குதிரை காதை மடக்கித் திரும்பிப் பார்த்தாலோ அங்கே வலி இருக்கலாம். வயிற்றுப்பட்டையை இறுக்கும்போது கடிக்க வருகிற குதிரைக்கு வயிற்றுப் புண் இருக்கிறதா என்று கேளுங்கள். பந்தயக் குதிரைகளில் இது மிகச் சாதாரணம். குதிரையின் இரைப்பை நாள் முழுக்க அமிலம் சுரக்கும். உமிழ்நீரோ மெல்லும்போது மட்டும்தான் ஊறும். பல மணி நேரம் தீனியில்லாமல் கட்டிக்கிடந்தால் புண் வருவதில் வியப்பில்லை. கண், குளம்பு, லாடம் ஆகியவற்றையும் அதே வருகையில் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்து வயதும் எடையும். கால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகளில் (எலும்பு வளரும் மென்மையான பகுதிகள்) முழங்காலுக்கு மேலே உள்ளது ஏறக்குறைய இரண்டரை வயதில் மூடும். முதுகெலும்பில் உள்ளவை ஐந்து, ஆறு வயது வரை எடுக்கும். மூன்று வயதில் முதுகில் ஏறிப் பழக்கலாம், அதுவும் சில நிமிடங்கள், இலகுவான எடையோடு. ஐந்து வயதுக்கு முன் கடும் வேலை வேண்டாம்.

எடைமேடை இல்லாவிட்டால் தையல்காரர் நாடாவே போதும். முன்கால்களுக்குப் பின்னால், தோள்மேட்டின் மேலாக நெஞ்சுச் சுற்றளவைச் சென்டிமீட்டரில் அளந்துகொள்ளுங்கள். தோள் முனையிலிருந்து பிட்டத்தின் முனை வரை நீளத்தையும் எடுங்கள். சுற்றளவை அதே சுற்றளவால் பெருக்கி, வந்ததை நீளத்தால் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட எடை கிலோவில் கிடைக்கும். சுற்றளவு 160, நீளம் 155 என்றால் சுமார் 334 கிலோ. முழுதாக வளர்ந்த, உடல் தேறிய குதிரைக்கே சவாரியாளர், சேணம் எல்லாம் சேர்த்து ஐந்தில் ஒரு பங்கு எடையைத்தான் உச்சமாகச் சொல்வார்கள். இளங்குதிரைக்கு 15 சதவீதத்தைத் தாண்டாமலிருப்பது நல்லது. மேலே சொன்ன குதிரைக்கு அது 50 கிலோ. நீங்கள் 75 கிலோ என்றால் தரை வேலை உங்களுடையது, முதல் சவாரிகள் இலகுவான, அனுபவமுள்ள வேறொருவருடையது. இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தீனி, இடம், துணை

லாயத்தில் 22 மணி நேரம் தனியாகக் கட்டிக்கிடந்து, கொள்ளும் ஓட்ஸும் நிறையத் தின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் வெளியே வரும் குதிரை துள்ளத்தான் செய்யும். தினமும் உடல் எடையில் ஏறக்குறைய 2 சதவீதம் உலர் எடைக் கணக்கில் நார்த்தீனி (புல் வகைத் தீனி) வேண்டும். 334 கிலோக் குதிரைக்கு அது ஆறரைக் கிலோவுக்கு மேல். பச்சைப் புல்லில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் என்பதால் பசும்புல்லாகக் கொடுத்தால் 25 முதல் 30 கிலோ ஆகும். நாளுக்கு மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போடுங்கள். இப்படி நார்த்தீனி நிறைவாகக் கிடைத்தால், சின்ன வேலை செய்யும் குதிரைக்குத் தானியம் மிகக் கொஞ்சமே போதும். குதிரைமசால் நல்லது, அதுவே முழுத் தீனியாக வேண்டாம். மாட்டுக்குப் போடுகிறோமே என்று சோளப்பயிரைத் தொடர்ந்து போடாதீர்கள். குதிரைகளுக்கு அதனால் சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும் நோய் வரக்கூடும்.

தினமும் சில மணி நேரமாவது கயிறில்லாமல் திரியவிடுங்கள். இன்னொரு குதிரை கண்ணில் படும்படி இருக்கட்டும். முடியாவிட்டால் ஒரு கழுதை, ஓர் ஆடு. குதிரை நின்றபடியே கண்ணயரும், ஆனால் ஆழ்ந்த உறக்கத்துக்குப் படுத்தாக வேண்டும். தனிமையில் பயந்து படுக்காமலே நாள் கடத்தும் குதிரை சோர்விலேயே எரிச்சல் கொள்ளும்.

பயத்தின் படிகள்

குதிரையின் கண்கள் தலையின் இருபக்கமும் இருப்பதால் ஏறக்குறைய தன்னைச் சுற்றிலும் அது பார்க்கும். நெற்றிக்கு நேர் முன்னும் வாலுக்கு நேர் பின்னும்தான் தெரியாது. ஆகவே தோளை நோக்கிப் பக்கவாட்டில் வாருங்கள், குரல் கொடுத்துக்கொண்டே.

பயம் திடீரென்று வெடிப்பதாகத் தோன்றும். உண்மையில் அது படிப்படியாக ஏறுகிறது, நாம்தான் முதல் படிகளைக் கவனிப்பதில்லை. முதல் படியில் தலை சற்று உயரும், இரு காதும் ஒரே பக்கம் குத்திட்டு நிற்கும், மெல்லுவது நிற்கும், ஒரு மூச்சு தடைபடும். அடுத்த படியில் கழுத்துத் தசை இறுகும், கண்ணுக்கு மேல் தோல் முக்கோணமாகச் சுருங்கும், மூக்குத் துளை விரியும், வால் ஒடுங்கும், உடல் எடை பின்னுக்குப் போகும். மூன்றாவதில் கால் நிலைகொள்ளாது, உறுமல் மூச்சு, இளகிய சாணம். நான்காவது ஓட்டம்.

முதல் படிதான் நம் வேலைக்களம். இரண்டாவதைக் கண்டதும் பயமூட்டும் பொருளிலிருந்து தள்ளிப் போங்கள், அறிகுறி தணியும் தூரம் வரை. மூன்றாவது வந்துவிட்டால் அன்றைக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை. தெரிந்த ஒரு சின்ன வேலையைச் செய்யவைத்து முடித்துக்கொள்ளுங்கள்.

புதியவர்களை அதிகம் ஏமாற்றுவது உறைந்து நிற்கும் குதிரை. அது அசையாது; நாம் அமைதி என்று எண்ணுவோம். கண் இமைக்காது, வாய் இறுகி, மூச்சு மேலோட்டமாக இருந்தால் அது அமைதியல்ல, அடக்கிவைத்த பயம். அந்த நிலையில் ஏறினால் மூன்றாவது அடியில் வெடிக்கும். அது தானாக ஒரு பெருமூச்சு விட்டு, கழுத்தைத் தாழ்த்தி, ஒரு காலைத் தளர்த்தி நிற்கும் வரை அடுத்ததைத் தொடங்காதீர்கள். நாக்கால் நக்கி மெல்லுவதைப் பணிவின் அடையாளம் என்பார்கள். ஒரு பதற்றம் சற்றுமுன் தணிந்தது என்பதற்கு மேல் அதில் படிக்க எதுவுமில்லை. அடிக்கடி நக்கி மென்றால், அடிக்கடி பதற வைக்கிறீர்கள் என்று பொருள்.

நாடியும் உதவும். தாடை எலும்பின் கீழ் விளிம்பில், உள்பக்கமாக ஓடும் தமனியில் மூன்று விரல் வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். பயிற்சி முடிந்து பத்து நிமிடத்தில் 60க்குக் கீழே வராவிட்டால் வெயில், சோர்வு, வலி, பயம் ஆகியவற்றில் ஏதோ ஒன்று மிஞ்சிவிட்டது.

தரையில் செய்ய வேண்டியது

தேவையானவை: பொருத்தமான ஹால்ட்டர் (கடிவாளமில்லாத தலைக்கட்டு), மூன்றரை மீட்டர் பருத்திக் கயிறு, கையுறை, மூடிய காலணி, கை நீட்டமாகப் பயன்படும் 1.2 மீட்டர் குச்சி. தரையில் நின்று வேலை செய்தாலும் தலைக்கவசம் போடுங்கள். கயிற்றைக் கையில் சுற்றவே கூடாது; மடித்துப் பிடியுங்கள். இடம் 15 முதல் 18 மீட்டர் விட்டமுள்ள வட்டவேலியோ, அடைத்த சிறு களமோ, கல்லில்லாத மணல் தரை. கோடையில் காலை ஆறு முதல் எட்டு வரை நல்ல நேரம். ஒரு தடவைக்கு 15 நிமிடம். ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் செய்வதைவிடக் காலையும் மாலையுமாக இரண்டு கால்மணி பல மடங்கு பயன் தரும்.

அடிப்படை ஒன்றுதான்: லேசாக அழுத்தம் கொடுத்துக் கேளுங்கள், சரியான திசையில் சிறு அசைவு வந்த கணமே விட்டுவிடுங்கள். குதிரைக்குப் பாடம் அழுத்தத்தில் இல்லை, அது விலகுவதில்தான் இருக்கிறது. இரண்டு வினாடி தாமதித்து விட்டால், அந்த இரண்டாவது வினாடியில் அது எதைச் செய்துகொண்டிருந்ததோ அதையே கற்றுக்கொள்ளும்.

பின்னடி வைப்பதில் தொடங்குங்கள். தாடைக்குக் கீழே ஒரு சாண் விட்டுக் கயிற்றைப் பிடித்து, நெஞ்சை நோக்கி மெதுவாக அழுத்துங்கள். எடை பின்னுக்குச் சாய்ந்தாலே விடுங்கள். காலெடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். மறுபடி. ஐந்தாறு முறைக்குள் ஓர் அடி வரும். வரவில்லையென்றால் பெரும்பாலும் நீங்கள் கயிற்றை முழுதாகத் தளர்த்தவில்லை. ஓயாமல் கொஞ்சம் இழுவை இருந்துகொண்டே இருந்தால் அது குதிரைக்குச் செய்தியாகாது.

அடுத்து தலை தாழ்த்துதல். கயிற்றைக் கீழ்நோக்கி லேசாக இழுத்து, ஒரு விரற்கடை தாழ்ந்ததும் விடுங்கள். சில நாட்களில் மூக்கு முழங்கால் உயரத்துக்கு வரும். தலை தாழ்ந்தால் பயம் தானே போய்விடும் என்பது மிகை. ஆனால் பதறும்போது செய்யத் தெரிந்த ஒரு வேலை அதன் கையில் இருக்கும், அதுவே பெரிது.

மூன்றாவதாகப் பின்பகுதியை ஒதுக்குதல். பின்னாளில் உங்கள் மிகப்பெரிய பாதுகாப்பு இதுதான், அதனால் அவசரப்படாதீர்கள். இடப்பக்கம் நின்று தலையைச் சற்று உங்கள் பக்கம் திருப்பி, சவாரியில் உங்கள் குதிகால் படப்போகும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் விரல்களால் அழுத்துங்கள். இடது பின்னங்கால் வலது பின்னங்காலுக்கு முன்னால் குறுக்கே போக வேண்டும். ஓரடி வந்ததும் விடுங்கள். வலப்பக்கமும் இதே அளவு செய்யுங்கள். ஒரு பக்கத்திலிருந்து பழகிய பொருள் மறுபக்கத்திலிருந்து வேறு வடிவமாகத் தெரியும். இடப்பக்கமே ஏறி இறங்கிப் பழகிய குதிரைகள் வலப்பக்கத்தில்தான் அதிகம் மிரளும்.

பிறகு நட, நில். நீங்கள் நின்றதும் அது நிற்க வேண்டும், கை நீளம் விலகி, கயிறு தொங்கியபடி. நிற்கும் நேரத்தைப் பத்து வினாடியில் தொடங்கி இரண்டு நிமிடம் வரை கூட்டுங்கள்.

பாராட்டத் தட்டிக்கொடுப்பதைவிடத் தோள்மேட்டில் நன்றாகச் சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று கோதிக்கொள்ளும் இடம் அது. அங்கே சொறிந்தால் இதயத் துடிப்பு குறைவதை 1993-இல் வெளியான ஓர் ஆய்வு அளந்தே காட்டியது. கழுத்தில் படார் படார் என்று தட்டுவது பயந்த குதிரைக்குப் பரிசாகத் தோன்றாது.

மிரட்டும் பொருள்கள்

குடை, பை, பறை, நாதஸ்வரம், ஹாரன், தார்ப்பாய், ஓடிவரும் நாய். நம் ஊர்க் குதிரைக்கு இந்தப் பட்டியல் நீளம். எதுவாக இருந்தாலும் முறை ஒன்றே: தூரத்தில் தொடங்கி, அது தணிந்ததும் பொருளை விலக்குவது.

குடையை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மூடிய குடையோடு பத்து மீட்டரில் நிற்கட்டும். குதிரையின் காது நட்டு, பிறகு தளர்ந்ததும் அவர் பின்வாங்க வேண்டும். மறுபடி, ஒன்பது மீட்டர். இன்னும் சிறந்தது, குடைக்காரர் முன்னால் விலகி நடக்க, நீங்கள் குதிரையோடு அவரைப் பின்தொடர்வது. தன்னைக் கண்டு விலகிப்போகும் பொருளைத் துரத்தக் குதிரைக்குத் துணிவு தானாக வரும். சற்று நேரத்தில் மோந்து பார்க்க மூக்கை நீட்டும். அந்த இடத்திலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்த குடை மறுநாளைக்கு. மேளச் சத்தத்தைப் பதிவாக, மிகக் குறைந்த ஒலியில், தீனி தின்னும் நேரத்தில் தொடங்குங்கள். தின்பதை நிறுத்தினால் ஒலி அதிகம். தீபாவளிக்கு முந்திய வாரம் தொடங்குவது மிகத் தாமதம். மாதக்கணக்கில் முன்னால் வேண்டும்.

கம்பத்தில் இறுக்கக் கட்டிவைத்து, அது ஓய்ந்து நிற்கும் வரை பையாலோ சாக்காலோ உடம்பில் வீசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அதை எவ்வளவு கடுமையாகச் சொன்னாலும் தகும்: செய்யாதீர்கள். கட்டுக்குள் திமிறும் குதிரை கழுத்தையும் முதுகையும் முறித்துக்கொள்ளும். ஓய்ந்து நிற்பது பழகியதால் அல்ல, தப்ப வழியில்லை என்று கைவிட்டதால். கயிறில்லாத ஒருநாள் அந்தப் பயம் முழுதாகத் திரும்பி வரும். சாதாரணமாகக் கட்டும்போதுகூடக் கம்பத்தில் ஒரு சணல் வளையம் போட்டு, தோள்மேட்டு உயரத்தில், இழுத்தால் அவிழும் முடிச்சோடு கட்டுங்கள். உண்மையாகவே திமிறினால் சணல் அறுந்துவிடும்.

சேணம்

முதலில் வெறும் துணிவிரிப்பு. மோந்து பார்க்கவிட்டு, தோளில் தேய்த்து, எடுத்து, மறுபடி வைத்து, இருபக்கமும். பிறகு அங்கவடிகளைக் கழற்றிய சேணம். தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் அமர வேண்டும். கடைசி விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகக் கூடாது. சேணத்தின் முன் வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். நடுவில் முதுகெலும்பின் மேல் எதுவும் படக் கூடாது. சந்தையில் சேர்த்து விற்கும் பழைய சேணம் இந்தக் குதிரையின் முதுகுக்குப் பொருந்துவது அரிது. பொருந்தாததை மெத்தை வைத்துச் சரிக்கட்டினால் இன்னும் இறுகும்.

வயிற்றுப்பட்டையை ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். முதலில் சேணம் நழுவாத அளவு, பத்தடி நடத்தல், ஓர் ஓட்டை, மறுபடி நடத்தல், இன்னோர் ஓட்டை. முடிவில் இரண்டு விரல் தட்டையாக உள்ளே போக வேண்டும். தளர்வாக விட்டாலும் ஆபத்து: சேணம் வயிற்றுக்குக் கீழே சுழன்றுபோன குதிரைக்கு அந்தப் பயம் ஆறப் பல மாதம் ஆகும். சேணத்தோடு அமைதியாக நடந்து, நின்று, நீளக் கயிற்றில் இருபுறமும் டிராட் (நடைக்கு அடுத்த வேகம்) போகும் வரை ஏறும் பேச்சு வேண்டாம். அங்கவடிகளைத் தொங்கவிட்டு விலாவில் தட்டுவதையும் பழக்கிவிடுங்கள்.

கடிவாளம் எளிய ஸ்னாஃபிளாக (நெம்புகோல் இல்லாத மென்மையான வகை) இருக்கட்டும், வாயோரம் சுருக்கம் விழாமல் பொருந்தி. முள்ளுள்ள கடிவாளம் மாட்டி வந்த குதிரை என்றால் அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சில வாரம் ஹால்ட்டரிலேயே வேலை செய்யுங்கள். 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகளின்படி முள் கடிவாளம் பயன்படுத்துவது சட்டப்படியே தவறு.

ஏறுதல்

தரையிலிருந்து அங்கவடியைப் பிடித்துத் தொங்கி ஏறினால் சேணம் ஒருபக்கம் முதுகைத் திருகும். ஆடாத மேடையோ உறுதியான பெட்டியோ வையுங்கள். அனுபவமுள்ளவர் தலைப்பக்கம் கயிறு பிடித்து நிற்க, நீங்கள் மேடையில் ஏறி இறங்குங்கள், அவ்வளவுதான். குதிரைக்கு மேலே உயரமாக ஓர் உருவம் தெரிவதே புதிது. நகர்ந்தால் திட்டாமல் மறுபடி கொண்டுவந்து நிறுத்துங்கள்.

அடுத்த தடவைகளில் சேணத்தின் மேல் கையூன்றி எடை போடுங்கள். வயிற்றைச் சேணத்தில் சாய்த்துத் தொங்கி, மூன்று வினாடியில் இறங்குங்கள். அப்படியே ஐந்தாறு அடி நடத்தச் சொல்லுங்கள். இதெல்லாம் அலுப்பூட்டும்படி ஆன பிறகுதான் வலது காலைத் தாண்டிப் போடுவது. பிட்டத்தில் கால் இடிக்காமல், சேணத்தில் தொப்பென்று விழாமல், மெல்ல அமருங்கள். தோள்மேட்டில் சொறியுங்கள். இறங்குங்கள். முதல் நாளுக்கு இது போதும்.

பந்தயத்திலிருந்து வந்த குதிரைக்கு இங்கே தனிக் குறிப்பு. ஜாக்கியை நடந்துகொண்டிருக்கும்போதே தூக்கி விடுவார்கள் என்பதால் ஏறும்போது நிற்க அதற்குத் தெரியாது. லகானை இறுக்கிப் பிடித்தால் அது கடிவாளத்தில் சாய்ந்து வேகமெடுக்கும். அங்கே அதுதான் பாடம். அது கெட்ட புத்தியில் ஓடவில்லை, கற்றதைச் செய்கிறது. தளர்ந்த லகானில் நிற்கவும் நடக்கவும் முதலிலிருந்து கற்றுக்கொடுங்கள்.

முதல் சவாரிகள்

ஐந்து நிமிடம், நடை மட்டும், கயிறு துணைவர் கையில். தரையில் பழகிய "நட" என்ற சொல்லை இப்போது காலோடு இணைக்க வேண்டும்: முதலில் கால்களால் லேசாக அழுத்தி, உடனே சொல்லைச் சொல்லுங்கள். புதுச் சைகை முன்னால், பழையது பின்னால் என்ற வரிசை மாறினால் புதியதைக் கவனிக்கவே மாட்டாது. காலால் அழுத்திக்கொண்டே லகானையும் இழுக்காதீர்கள். எது வேண்டும் என்று புரியாத குதிரைக்குப் போக ஒரே வழி மேலே, முன்கால் தூக்கி.

இருக்கும் இடத்திலேயே ஒற்றை லகான் நிறுத்தத்தைப் பழக்குங்கள். ஒரு கையை ஒரு பக்க லகானில் கீழே நழுவவிட்டு, மறு லகானைத் தளர்த்தி, கையை மெதுவாக உங்கள் தொடைக்குக் கொண்டுவாருங்கள். கழுத்து வளையும், பின்பகுதி ஒதுங்கும், கால் நிற்கும். நின்ற கணமே முழுதாக விடுங்கள். முதலில் நின்றபடி, பிறகு நடையில், இருபுறமும் பலமுறை. ஓட்டமெடுக்கும் முதல் இரண்டு அடியில் இது காப்பாற்றும். முழு வேகத்தில், வழுக்கும் தரையில் சட்டென்று இழுத்தால் குதிரையே சரிந்து விழும்; அங்கே பெரிய வட்டமாகத் திருப்பிச் சுருக்குவதுதான் வழி.

லேசான தொடுதலில் இரண்டு அடிக்குள் நிற்கவும், இருபுறம் திரும்பவும் வந்த பிறகு துணைவர் கயிற்றைக் கழற்றிவிட்டுக் கூடவே நடக்கட்டும். அப்புறம் நடுவில் நிற்கட்டும். டிராட் அதற்குப் பிறகு, அரை வட்டமாகத் தொடங்கி. டிராட்டை விட வேகமான கேன்டருக்குச் சில மாதம் பொறுங்கள். முதுகில் எடையோடு சமநிலை பிடிக்கத் தெரியாத குதிரை, விழாமலிருக்கத்தான் வேகமெடுக்கும். வாரத்தில் மூன்று நான்கு நாள், 20 நிமிடத்துக்குள். புதிதாக ஒன்றைக் கற்ற மறுநாள் ஓய்வு கொடுங்கள்.

மிரண்டால் என்ன செய்வது? இரண்டு லகானையும் சேர்த்து இழுக்காதீர்கள். தலையைப் பூட்டினால் பயம் கூடும். மிரட்டும் பொருளுக்கு எதிர்ப்பக்கமாகத் தலையைச் சற்று வளைத்து, தெரிந்த வேலை ஒன்றைக் கேளுங்கள், இரண்டடி ஒதுங்கு, நட, நில். அடித்தால், பொருளைக் கண்ட பயத்தோடு உங்களைக் கண்ட பயமும் சேரும். அதன் அருகே போய்த் தொட்டே ஆக வேண்டும் என்ற வீம்பும் வேண்டாம்.

உங்கள் பயம்

விழுந்தவரின் உடல் தானாகச் சில காரியம் செய்யும்: மூச்சைப் பிடிக்கும், முன்னால் குனியும், முழங்கால் இறுகும், கை லகானைப் பற்றும். இவற்றில் பாதி குதிரைக்கு "போ" என்றும் பாதி "நில்" என்றும் கேட்கும். பயத்தை மறைத்துக்கொள்வதால் இது மாறாது. உடலுக்கு வேறு வேலை கொடுக்க வேண்டும். நான்கு எண்ணி மூச்சிழுத்து ஆறு எண்ணி விடுங்கள். சத்தமாக அடிகளை எண்ணுங்கள், அல்லது பாடுங்கள். பாடுகிறவர் மூச்சைப் பிடிக்க முடியாது. பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே தூரத்தில் இருக்கட்டும். குதிரையின் கழுத்தைச் சுற்றி ஒரு பழைய அங்கவடி வாரைக் கட்டிவிடுங்கள். பதறினால் லகானை விட்டு அதைப் பிடியுங்கள், குதிரையின் வாய் தப்பும்.

ஏறும் முன் உங்கள் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை என்று மதிப்பிடுங்கள். நான்குக்குள் இருந்தால் ஏறலாம். அதற்கு மேல் என்றால் ஒரு படி இறங்குங்கள்: கயிற்றோடு சவாரி, அல்லது மேடையில் ஏறி இறங்குதல், அல்லது வெறும் தரை வேலை. இருவரில் யாருக்கு அன்று பயம் அதிகமோ அவர் அளவுக்கே அன்றைய வேலை. இதனிடையே வாரம் ஒருமுறை சவாரிப் பள்ளியில் 12, 15 வயதான நிதானமான குதிரையில் பாடம் எடுங்கள். உங்கள் உட்காரும் நிலை அங்கேதான் திரும்பி வரும். அதை இளங்குதிரையின் முதுகில் தேடுவது அதற்குச் செய்யும் அநியாயம்.

தலைக்கவசம் சவாரிக்கென்றே செய்ததாக இருக்கட்டும், இருசக்கர வாகனத்துக்கானது அல்ல. ஏஎஸ்டிஎம் எஃப் 1163, பிஏஎஸ் 015 போன்ற தர முத்திரை பாருங்கள். ஒருமுறை தலை இடித்து விழுந்திருந்தால், விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றுங்கள். உள்ளே நுரை நசுங்கியிருக்கும். தலையில் அடிபட்ட நாளில் மறுபடி ஏறக் கூடாது, மருத்துவரைப் பாருங்கள். "விழுந்தால் உடனே ஏறிவிட வேண்டும்" என்ற பழைய அறிவுரை ஆபத்தானது. செருப்போடு ஏறாதீர்கள், சுமார் இரண்டரை சென்டிமீட்டர் குதி உள்ள காலணி இல்லாவிட்டால் கால் அங்கவடிக்குள் நழுவி மாட்டிக்கொள்ளும். பாதத்தின் அகலத்தைவிட இரண்டரை சென்டிமீட்டர் அகலமான அங்கவடி சரியானது.

வேலிக்கு வெளியே

முதலில் கையில் பிடித்து நடத்துங்கள், ஞாயிறு விடியற்காலையில், அரைக் கிலோமீட்டர். பிறகு அதே பாதையில், நிதானமான மூத்த குதிரைக்குப் பின்னால் ஒன்றரைக் குதிரை நீளம் விட்டுச் சவாரி. சிரமம் தொடங்கும் இடத்துக்கு முன்பே திரும்புங்கள். வீட்டை நோக்கி வரும்போது டிராட் வேண்டவே வேண்டாம். மேளம் வருகிறதா, கட்டட வேலை நடக்கிறதா, இறங்கி நடத்திக் கடந்து போங்கள். கைப்பேசி சேணப் பையில் அல்ல, உங்கள் உடம்பில் இருக்கட்டும்.

பின்னடைவும் பிறர் உதவியும்

ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, செய்த வேலை, எத்தனை மீட்டரில் தலை தூக்கியது, காற்று, தீனி, உங்கள் பய எண். நன்றாகப் போய்க்கொண்டிருந்த குதிரை ஒரு வாரம் கெட்டுப்போனதாகத் தோன்றும்போது காரணம் பெரும்பாலும் அதில் இருக்கும். பெண்குதிரை என்றால் சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவச் சுழற்சி கண்ணில் படும். பலத்த காற்று வீசும் நாளில் எந்தக் குதிரையும் பதறும். காதால் திசை பிடிக்க முடியாத நாள் அது. அன்று கோதிவிட்டு அனுப்புங்கள். பின்னடைவு வந்தால் கடைசியாக எந்தப் படி எளிதாக இருந்ததோ அதற்கு இறங்கி, இரண்டு மூன்று நாள் அங்கேயே இருந்துவிட்டு ஏறுங்கள்.

நேராக முன்கால் தூக்கி நிற்பது, கண்மூடித்தனமாக ஓடுவது, குறிபார்த்து உதைப்பது ஆகியவை புதியவர் கையாளும் விஷயம் அல்ல. மருத்துவர் வலி இல்லை என்று சொன்ன பிறகு பயிற்சியாளரிடம் அனுப்புங்கள். அனுப்பும் முன் அவர் வேறு குதிரைக்குப் பயிற்சி தருவதை ஒரு முழு நேரம் இருந்து பாருங்கள். அங்குள்ள குதிரைகளின் வாயோரத்தில் புண் இருக்கிறதா, தலையைக் கட்டிவைத்து வேலை வாங்குகிறாரா, மனிதர் உள்ளே வந்ததும் குதிரைகள் மூலைக்கு ஒதுங்குகின்றனவா என்று கவனியுங்கள். "பத்து நாளில் முடித்துத் தருகிறேன்" என்பவரிடம் விட வேண்டாம். கடைசி இரண்டு வாரம் உங்களையும் அதன் மேல் ஏற்றிப் பாடம் நடத்த அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் கைக்குப் பழகியது உங்கள் கைக்குத் தானாக மாறாது. குதிரை வீடு திரும்பியதும் முதல் மூன்று நாள் ஏறாமல் பின்னடி, தலை தாழ்த்தல், பின்பகுதி ஒதுக்கல் என்று தரை வேலையை மட்டும் செய்யுங்கள். நான்காவது நாள் மேடையைக் கொண்டுவந்து வையுங்கள்.